கரையில் நிற்கிறவன்

நான் ரக்பி லீக் விங்கர். எல்லைக்கோட்டை ஒட்டி நின்று, கடைசியாகக் கைக்கு வரும் பந்தை மூலைக்குக் கொண்டுபோய்ப் புள்ளி எடுப்பது என் தொழில். ஒப்பந்தம் கிடைத்தபின் ஆடிய முதல் ஆட்டத்தில் பந்து என் பக்கம் வரவேயில்லை. ஆக்லாந்தின் புறநகரான தகனினியிலிருந்து பார்க்க வந்திருந்த அம்மா, மைதான வாசலில் கொதித்துப்போய் நின்றார்.

"எல்லாரும் நடுவில விளையாட, உன்னை மட்டும் ஏன் கரையில நிப்பாட்டி வைச்சிருக்கினம்? நான் போய்க் கேக்கிறன்."

ஆக்லாந்தில் வேலை செய்த கடைகளிலெல்லாம் அவரை ஆள் கண்ணில் படாத பின்னறையிலேயே வைத்திருந்தார்கள். அந்தக் கோபம் அது.

"அது என்ர இடம் அம்மா. நானே கேட்டு வாங்கினது," என்றேன். அவர் நம்பவில்லை.

நான் மேற்கொண்டு விளக்கவில்லை, ஓடினேன். விலா எலும்பு உடைந்து ஆறிய பிறகும் ஓடினேன். இந்த ஆட்டத்துக்கு உனக்கு உடம்பு காணாது என்றவர்களைத் தாண்டியும் ஓடினேன்.

போன மாதம் வீட்டுக்கு வந்த மாமா ஒருவர், டிவியில் என் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "பெடியனை என்ன கரையில விட்டிருக்கிறாங்கள்?"

அம்மா தேத்தண்ணியை அவர் முன்னால் வைத்தார்.

"பந்து அங்க வரட்டும். இருந்து பாருங்கோ."