கார்டு உள்ளேதான் இருந்தது

பயிர்க் காப்பீடு பதிய இன்றுதான் கடைசி நாள். உளுந்து விதைத்திருக்கும் முனியம்மாக்கா, புதூரிலிருந்து பஸ் பிடித்து, கோவில்பட்டியில் உள்ள என் கம்ப்யூட்டர் சென்டருக்குச் சாயங்காலம் வந்தார்.

அந்த நேரம் பார்த்து கம்ப்யூட்டர் தானாக அப்டேட் ஆகி, நெட் போய்விட்டது. நெட்வொர்க் கார்டை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருள் அழிந்துபோனதால், அப்படியொரு கார்டு இருப்பதே கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை.

“கார்டு உள்ளதான இருக்கு தம்பி?”

“இருக்குக்கா. டிரைவர் இல்லாம அது வேல செய்யாது. அந்த டிரைவர நெட்லதான் எடுக்கணும்.”

ரிப்பேர் கடைக்கு ஓடி, பென்டிரைவில் டிரைவரை வாங்கிவந்து போட்டேன். நெட் வந்தது. அதற்குள் ‘பதிவு நேரம் முடிந்தது’ என்றது காப்பீட்டு இணையதளம்.

“அப்ப இந்தத் தடவ மழ ஏமாத்துனா எங்களுக்கு ஒண்ணுங் கெடையாதுல்லா?” என்று கேட்டார் அக்கா. பதிலுக்கு நிற்காமல் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

இப்போது நெட் அருமையாக ஓடுகிறது. அதில்தான் இதைப் போடுகிறேன். யாருக்காவது ஏதாவது டவுன்லோடு பண்ண வேண்டுமா?