கடல் மீன் சமைக்காத வீடு

என் மகனைக் கடல் கொண்டுபோன பிறகும் சில வாரங்கள் என் மனைவி வழக்கம்போல மீன் வெட்டினாள். எங்கள் ஊர் கண்டக்குழியில் மீன் வெட்டாத வீடு இல்லை. ஆனால் அவள் வெட்டும் விதம் மாறியிருந்தது. தலையையும் செட்டையையும் தள்ளிவைத்துவிட்டு, வயிற்றை மெல்லக் கீறி, குடலைப் பலகைமேல் பரப்பி, விரலால் தடவித் தடவிப் பார்ப்பாள். கிணற்றடியில் நின்ற நான் அதைக் கண்டேன். என்ன தேடுகிறாள் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒரு நாள் பாதி வெட்டிய பாரை மீனைப் பலகையிலேயே விட்டுவிட்டு எழுந்து கை கழுவினாள்.

"இனி இந்த வீட்டுக்குள்ள கடல் மீன் வரப்படாது," என்றாள்.

நாட்டுச் சண்டை முடிந்து, கடலுக்குப் போக நேவியிடம் பாஸ் எடுக்கும் தொல்லை இல்லாமல் போயிருந்த காலம் அது. என் ஃபைபர் போட்டில் மகனும் மருமகனும் போனார்கள். நான் கரையில் இருந்து கிழிந்த வலை பொத்தினேன். தென்மேற்குச் சோளகக் காற்று எழும்ப இன்னும் நாள் இருக்கிறது என்றுதான் கரையில் எல்லோரும் கணக்குப் போட்டிருந்தோம். அன்று பின்னேரமே எழும்பிப் போட்டைக் கவிழ்த்துவிட்டது. மறுநாள் மாம்புரிக் கரைக்கு நேரே, வெறும் எண்ணெய்க் கலனைக் கட்டிப்பிடித்து மிதந்துகொண்டிருந்த மருமகனை வேறொரு போட்டுக்காரர் தூக்கி எடுத்தார். மகனைக் காணவில்லை. நேவியும் தேடியது, ஊரும் தேடியது. கடைசியில் மய்யித்து இல்லாமலே பள்ளியில் காயிப் ஜனாஸா தொழுதோம். தண்ணீரில் மூழ்கி மௌத்தானவன் ஷஹீத், உயிர்த்தியாகி, என்று எல்லோரும் சொன்னார்கள். என் மனைவி எல்லோருக்கும் தலையாட்டினாள்.

மருமகனிடம் நான் ஒரு தடவைதான் கேட்டேன்.

"விடியக்குள்ள பாத்தன் மாமா, அவன் இல்ல," என்றான். அதற்குமேல் அவன் வாயிலிருந்து எதுவும் வரவில்லை. நானும் தோண்டவில்லை.

எங்கள் வழக்கப்படி மருமகன் எங்கள் வீட்டில்தான் இருந்தான், என் மகளோடு. என் மனைவி அவனோடு கதைப்பதை நிறுத்திவிட்டாள். சோற்றைக் கோப்பையில் போட்டு மூடி மேசையில் வைப்பாள். அவன் சாப்பிட்டு எழுந்த பிறகு அவன் உட்கார்ந்த கதிரையைச் சுவரோடு தள்ளிவைப்பாள். வைததில்லை, சபித்ததில்லை. அந்த வீட்டில் அப்படி ஒருவன் இல்லாததுபோல நடந்துகொண்டாள். அவன் கடலையும் விட்டிருந்தான். கரைக்கு வந்தால் போட்டுகளை இழுத்து ஏற்றும் இடத்துக்கு மேலேயே நின்றுகொள்வான், நுரை காலில் படாத தூரத்தில்.

அவள் மெலிந்துகொண்டே போனாள். எங்கள் ஊரில் மீன் இல்லையென்றால் சோற்றுக்கு என்ன இருக்கிறது? சம்பல், பருப்பு, மறுபடி சம்பல். அதையும் பிசைந்துவிட்டு எழுந்துவிடுவாள். "உம்மா ஒண்டும் திங்கிறாவில்ல வாப்பா," என்று மகள் ஒவ்வொரு நாளும் வந்து சொல்வாள். அப்போதுதான் மருமகன் ஒரு நாள் வேலியோரம் வந்து நின்று, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"எங்கட ஊர்ப் பக்கம் சின்னச் சின்னக் குளம் கெடக்கு மாமா. கெண்டை இரிக்கி. அது கடல் மீன் இல்லதானே."

அவனுடைய ஊர் புத்தளத்தைத் தாண்டி அநுராதபுர ரோட்டில் உள்ளே இருக்கிறது. சோளகம் அடிக்கும் மாதங்களில் எங்களுக்கு எப்படியும் கடல் இல்லை. களப்புப் பக்கம் வெள்ளைக்காரர்கள் பலகையில் ஏறிப் பட்டம் பிடித்துக்கொண்டு தண்ணீர்மேல் ஓடுவார்கள். அந்தக் காற்றுக்காகத்தான் காசு செலவழித்து எங்கள் ஊருக்கு வருகிறார்கள். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்காது. சரி, போவோம் என்றேன்.

விடியற்காலை சுபஹ் தொழுத கையோடு மோட்டார் சைக்கிளில் புறப்படுவோம். வெயில் ஏறுமுன் குளத்துக்குப் போய்விடலாம். சிறிய குளம். குளக்கட்டின்மேல் மருத மரங்கள், தண்ணீருக்குள் பட்டுப்போன மரங்கள், அவற்றின்மேல் சிறகை விரித்துக் காயவைக்கும் நீர்க்காகங்கள். எதிர்க்கரையில் ஒரு சிங்களக் கிராமம். மருமகன் மூங்கிலை நெருப்பில் காட்டி நேராக்கித் தடி செய்தான். நைலோன் தங்கூசி நூல், சின்னத் தூண்டில், மிதப்புக்கு மயிலிறகின் தண்டு. அந்தப் பக்கம் மயிலுக்குக் குறைவில்லை. தேங்காய்ப் புண்ணாக்கை ஊறவைத்துக் களிமண்ணோடு உருட்டி ஓரிடத்தில் எறிவான். பிறகு கடைப் பாணின் மென்மையான நடுப்பகுதியை எடுத்துக் கொஞ்சம் தேன் விட்டுப் பிசைந்து தூண்டிலில் வைப்பான்.

வலையை எறிந்து இழுத்தே பழகிய எனக்கு அது வேலையாகவே தெரியவில்லை. கெண்டை பாரையைப்போல அடிக்காது. மிதப்பு முதலில் லேசாக நடுங்கும். நின்றுவிடும். நாம் மறந்துபோகும் அளவுக்கு நிற்கும். பிறகு சரிந்து படுக்கும், அல்லது மெல்ல நகரத் தொடங்கும். நான் நடுக்கத்திலேயே இழுத்துவிடுவேன்.

"பொறுங்க மாமா. அது இப்ப வாயில வெச்சுப் பாக்குது. இன்னும் திங்கல்ல," என்பான்.

பொறுப்பதுதான் எனக்குக் கஷ்டம். கடலில் நினைப்பதற்கு நேரம் கிடையாது. எஞ்சினைப் பார்க்க வேண்டும், காற்றைப் பார்க்க வேண்டும். குளக்கரையில் மிதப்பைப் பார்த்துக்கொண்டு குந்தியிருந்தால் மகன் வந்துவிடுவான். அவன் வெறுமேலோடு வலை உதறுவது, சோற்றை அவசரமாக விழுங்கிவிட்டு விக்குவது. குளம் அமைதியான இடம்தான். எனக்கு அந்த அமைதி வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் இருந்தவனுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

முதல் மீனைக் கொண்டுபோய் அடுக்களை வாசலில் வைத்தேன். பெரிய செதிலும் வாயோரம் மீசையும் உள்ள கெண்டை. அரசாங்கம் குஞ்சு கொண்டுவந்து விட்ட சாதி. சிங்கள ஆட்கள் காப் என்பார்கள்.

"எந்தத் தண்ணி?" என்று கேட்டாள்.

"குளத்துத் தண்ணி. கடலுக்கும் அதுக்கும் ஒரு தொடுப்பும் இல்ல."

வயிற்றைக் கீறிப் பார்த்தாள். சேறும் புல்விதையும்தான். உப்பும் தேசிக்காய்ப் புளியும் போட்டு மூன்று தரம் கழுவினாள். அப்படியும் சேற்று மணம் கொஞ்சம் மிச்சமிருந்தது. நிறைய மிளகும் கொறுக்காய்ப் புளியும் போட்டு ஆக்கினாள். அன்று சோற்றை முடித்தாள். மகள் அடுப்படியில் திரும்பி நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். யார் பிடித்த மீன் என்று என் மனைவி கேட்கவில்லை. பெரும்பாலும் அவன்தான் பிடித்தான். அவள் அதை அறியாமலும் இருந்திருக்க மாட்டாள்.

அப்படியே கோடை போனது. குளம் ஒவ்வொரு கிழமையும் சுருங்கியது. நாங்கள் வெடித்த சேற்றின்மேல் இறங்கி இறங்கி உட்கார வேண்டியிருந்தது. கட்டுக்கு மண் எடுக்க மெஷின் வைத்துத் தோண்டிய குழிகள் நடுவில் இருக்கின்றன என்று மருமகன் முதல் நாளே சொல்லியிருந்தான். தண்ணீர் வற்றினாலும் அந்தக் குழிகள் வற்றவில்லை. மேலே பார்த்தால் முழங்கால் தண்ணீர் மாதிரியே தெரியும்.

ஒரு நாள், மறுநாள் போயா, சிங்கள ஆட்களின் பௌர்ணமி நாள். காலை வெயில் ஏறியபோது எதிர்க்கரையிலிருந்து ஓர் ஆள் பன்சலையில் புத்தருக்கு வைக்கப் பூப்பறிக்கத் தண்ணீருக்குள் நடந்து வந்தான். இளம் ஆள், என் மகனைவிடக் கொஞ்சம் மூத்தவனாக இருப்பான். எங்களைப் பார்த்துக் கையைத் தூக்கினான். நானும் தூக்கினேன். கைநிறையத் தாமரையோடு இன்னும் ஒரு பூவுக்காக எட்டினான். பிறகு அவனைக் காணவில்லை. தாமரைக்கிழங்குக்கு முங்குகிறான் என்றுதான் நினைத்தேன். ஒரு கை மேலே வந்தது. பூக்கள் தனித்தனியாக மிதந்தன.

மருமகன் தடியை எறிந்துவிட்டு ஓடினான். நுரைக்கே கால் வைக்காதவன் நெஞ்சளவு தண்ணீருக்குள் பாய்ந்தான். நானும் இறங்கினேன். என் கால்கள் தொடைவரை சேற்றில் புதைந்துவிட்டன. நின்ற இடத்தில் நின்று கத்தத்தான் முடிந்தது. அவன் முங்குவான், எழும்புவான், சேற்றைத் துப்புவான், மறுபடி முங்குவான். அந்தத் தண்ணீருக்குள் கண்ணைத் திறந்தாலும் ஒன்றும் தெரிந்திருக்காது. கடைசியில் தலைமயிரைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தான். கரையில் போட்டு நெஞ்சை அமத்தினோம், கவிழ்த்துப்போட்டு முதுகில் அடித்தோம். வாயிலிருந்து சேற்றுத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. ஊர் ஓடி வந்தபோதும் மருமகன் நெஞ்சை அமத்திக்கொண்டுதான் இருந்தான். யாரோ அவன் தோளைப் பிடித்து எழுப்பிவிட்டார்கள்.

பொலிசுக்கு வாக்குமூலம் கொடுத்துவிட்டு பின்னேரம் அசருக்குப் பிறகு வீடு திரும்பினோம். வீட்டில் சொல்ல வேண்டாம் என்று வழியில் பேசிக்கொண்டோம். அப்படிப்பட்ட செய்தி எங்கே நிற்கிறது? அடுத்த நாள் புத்தளத்திலிருந்து வந்த மரக்கறி வியாபாரியே கொண்டுவந்துவிட்டான்.

பகல் சோற்றுக்கு உட்கார்ந்தபோது என் மனைவி வந்து மேசைக்கு எதிரே நின்றாள். மகன் போன பிறகு முதல் தடவையாக மருமகனை நேரே பார்த்தாள்.

"ஆரோ பெத்த புள்ளைய எடுக்கத் தெரிஞ்சிரிக்கி உனக்கு," என்றாள்.

அவன் பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்து, கையைக் கழுவி, வெளியே போய்விட்டான். "உம்மா!" என்று மகள் அலறினாள். எனக்கும் கோபம் வந்தது. ஆனால் யார்மேல் அதைக் காட்டுவது?

அன்று முழுக்க அவள் அறையை விட்டு வரவில்லை. மறுநாள் விடிந்ததும் அபாயாவைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"அந்த மௌத்து வீட்டுக்கு என்னக் கூட்டிப் போங்க."

குளத்தின் எதிர்க்கரைக் கிராமத்து ஒழுங்கையெல்லாம் வெள்ளைக் கொடி கட்டியிருந்தார்கள். முன்னறையில் பெட்டி திறந்திருந்தது. அவனுக்கு வெள்ளைச் சட்டை போட்டு, தலைமயிரை வாரி விட்டிருந்தார்கள். தண்ணீரிலிருந்து தூக்கியவனின் ஆட்கள் என்று தெரிந்ததும் இறந்தவனின் தாய் எழுந்து வந்து என் மனைவியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். ஏதேதோ சொல்லி அழுதாள். என் மனைவிக்குச் சிங்களம் சந்தைக்குப் போய்வரும் அளவுதான்.

"என்ன சொல்றாவு?" என்றாள் என்னிடம்.

"நம்மட மருமகன் அவட மகன வீட்டுக்குக் கொண்டுவந்து தந்தானாம். இல்லாட்டி முகத்தக்கூடப் பாத்திருக்க மாட்டனாம்."

என் மனைவி பெட்டிக்குள் இருந்த முகத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"எனக்கும் ஒருத்தன் இருந்தான் எண்டு சொல்லுங்க. கடல்ல போனவன் எண்டு சொல்லுங்க."

எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அந்தத் தாய் அழுகையை நிறுத்தி என் மனைவியை ஏறிட்டுப் பார்த்தாள். "ஹம்பவுணாத?" என்றாள். கிடைத்தானா என்று. அந்த வார்த்தை என் மனைவிக்குத் தெரியும். இல்லை என்று தலையசைத்தாள். அவ்வளவுதான். இருவரும் பெட்டிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். பெட்டியை மூடுவதை அவள் பார்க்க வேண்டாம் என்று நான்தான் அவளை எழுப்பிக் கூட்டி வந்தேன்.

பொழுதுபட்டு மஃரிபுக்குப் பிறகு அவள் முற்றத்துக்கு வந்தாள். மருமகன் வேலியோரம் குந்தியிருந்தான். அவளைக் கண்டதும் எழும்பினான்.

"அவன் கடைசியா என்ன சொன்னான்?" என்று கேட்டாள். "எனக்கிட்டப் பொய் சொல்ல வாணாம்."

அவன் என்னைப் பார்த்தான்.

"குளிருது எண்டான் மாமி. தாகம் எண்டான். பிறகு ஒரு மாதிரியாக் கதைக்கத் தொடங்கிட்டான். வெளக்குத் தெரியுது, உம்மா சோறு போட்டுட்டாவு, நான் வீட்ட போறன் எண்டான். நடக்கிறவன் மாதிரிக் கலனை விட்டுட்டான். நான் அவன் போட்டிருந்த சேட்டப் புடிச்சன். புடிச்சிட்டுத்தான் இருந்தன் மாமி. சேட்டு மட்டும்தான் கையில நிண்டிச்சு."

"சேட்டு எங்க?"

"விடியுமட்டும் வெச்சிருந்தன். என்னப் போட்டுல ஏத்தக்குள்ள அதயும் விட்டுட்டன்."

அவள் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். மகள் ஓடிவந்து பிடித்தாள். சத்தம் போட்டு அழுதாள் என் மனைவி. ஜனாஸா தொழுத அன்றுகூட அப்படி அழவில்லை. மருமகன் தானும் எதிரே குந்திக்கொண்டான். அதைக் கேட்டது அவளுக்கு நல்லதா கெட்டதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டிராவிட்டால் நன்றாயிருக்கும் என்று என்னளவில் நினைத்த நாட்கள் உண்டு. வீட்ட போறன் என்ற அந்தச் சொல் இப்போது என் காதுக்குள்ளும் இருக்கிறது.

அதன்பிறகு அவனோடு கதைத்தாள். அதிகமில்லை. சோறு போடட்டா, குடையை எடுத்துப் போ, அவ்வளவு. கதிரையைச் சுவரோடு தள்ளுவதை நிறுத்தினாள். ஆனால் குளத்து மீனும் வீட்டுக்குள் வரக்கூடாது என்றாகிவிட்டது. அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. நாங்களும் கொண்டுபோகவில்லை. அந்த வருஷம் குளம் அடிவரை வற்றியது. கெண்டைகள் சேற்றுக்குள் வாயைத் திறந்து திறந்து மூடின என்றும், அள்ளியது போக மிச்சமெல்லாம் செத்து நாறியது என்றும் கேள்விப்பட்டேன். அடுத்த மாதமே மகளும் மருமகனும் அவனுடைய ஊருக்குப் போய்விட்டார்கள். அங்கே ஒரு தென்னந்தோட்டத்தில் அவனுக்கு வேலை. போகும்போது என் மனைவி மகளுடைய பெட்டியை அடுக்கிக் கொடுத்தாள். மருமகனுடைய சாரன்களையும் மடித்து அதற்குள் வைத்தாள்.

கடல் அடங்கியதும் நான் வேறொருவருடைய போட்டில் ஏறினேன். எனக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான். வலையில் வருவதைக் கரையிலேயே கொடுத்துவிட்டு முட்டையும் பருப்பும் பாணும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவேன். உள்ளே கால் வைக்குமுன் கிணற்றடியில் சவர்க்காரம் போட்டுக் குளிப்பேன், ஒரு தரத்துக்கு இரண்டு தரம், கையில் மீன் வாசம் இருக்கக்கூடாதென்று. நான் துடைக்க அவள் கொடியில் துவாய் போட்டு வைத்திருப்பாள்.