பின்னால் நின்று கத்த ஓர் ஆள்

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து நேராகக் கறிக்கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் எங்கள் மாடியில் குடியிருக்கிற பெண் நிற்கிறாள். ஜெசிந்தா. டாக்டருக்குப் படித்து முடித்து, இப்போது ஆபரேஷன் செய்வதற்கென்று மேலே படிக்கிறாள். பட்டணத்தில் பெரிய ஆஸ்பத்திரி.

“பாய், ஈரல் வேணும். பித்தப்பையை அறுக்காம அப்படியே குடுங்க.”

கடைக்காரர் கத்தியை நிறுத்திவிட்டார்.

“இன்னாம்மா சொல்ற? பித்து ஒடஞ்சா ஈரல் பூரா கசந்துபூடும். வாயில வெக்க முடியாது.”

“சாப்பிட இல்ல பாய்.”

கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பின்னாலிருந்து ஒருவன், “பில்லி சூனியமா டாக்டரம்மா? என் மாமியாருக்கும் ஒண்ணு வெச்சிட்டுப் போ!” என்றான். ஒரே சிரிப்பு.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேனாம்பேட்டில் என் வீடு என்றால் நாலு பேர் மதிக்கிற வீடு. அதன் மாடியில் பச்சை ஈரலை வைத்துக்கொண்டு ஒரு பெண் என்ன செய்கிறாள்... வீட்டுக்காரி கேட்க வேண்டாமா? பின்னாலேயே படியேறிவிட்டேன்.

மேசை மேல் ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டி. மேல்பக்கம் ஓட்டைகள். உள்ளே ஒரு விளக்கு. ஒரு ஓட்டையில் கல்யாண வீடியோ எடுக்கிற கேமரா. அவளுடைய அண்ணனுக்கு அதுதான் தொழிலாம், பழசைத் தங்கச்சிக்குக் கொடுத்துவிட்டான். கேமராவிலிருந்து டி.வி.க்கு ஒயர். மற்ற ஓட்டைகளில் நீள நீளமாக இரண்டு இரும்புக் குச்சி, நுனியில் நண்டுக் கொடுக்கு மாதிரி வாய்.

ஈரலைப் பெட்டிக்குள் வைத்தாள். டி.வி.யில் ஈரல் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, கையில் குச்சிகளோடு, பித்தப்பையை உடையாமல் பிரித்தெடுக்க வேண்டும். பெட்டிக்குள் எட்டிப் பார்க்கக்கூடாது.

“வயித்தைக் கிழிக்காம, சின்ன ஓட்டை போட்டுச் செய்யற ஆபரேஷன் ஆன்ட்டி. அதுக்குத்தான் பழகுறேன். அடுத்த மாசம் டெஸ்ட்.”

(ஆன்ட்டிதான். குடிவந்த அன்றைக்கே பாட்டி என்றாள். பாட்டி என்று கூப்பிட்டால் மாடிக்குத் தண்ணீர் ஏறாது என்று சொல்லிவிட்டேன்.)

நானும் குச்சியைப் பிடித்துப் பார்த்தேன். கையை வலது பக்கம் கொண்டுபோனால் நுனி இடது பக்கம் போகிறது. தூக்கினால் இறங்குகிறது. எத்தனை ஆட்டு ஈரல் கழுவியிருப்பேன் நான்! பழகிப் பார்க்க அவள் உள்ளே போட்ட ஒரு பட்டாணியைக் கூட நகர்த்த முடியவில்லை.

“டெஸ்ட்ல என்ன பாப்பாங்க?” என்று கேட்டேன்.

“கடிகாரம் வெச்சுப் பாப்பாங்க. கை நடுங்குதா, தேவையில்லாத இடத்துல குத்துதான்னு பாப்பாங்க. எல்லாத்தையும் விடப் பெருசு ஒண்ணு இருக்கு ஆன்ட்டி. பித்தப்பையை ஒட்டி ரெண்டு மூணு குழாய் இருக்கும், எது எந்தக் குழாய்னு தெளிவாத் தெரியலைன்னா, குச்சியைக் கீழ வெச்சிட்டு ‘திறக்கிறேன்’னு சொல்லணும். பழைய மாதிரி வயித்தைத் திறந்து செய்யணும். அது தோல்வி இல்ல.”

நான் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் கொடு என்றேன்.

ஸ்டெல்லா ஞாபகம் வந்துவிட்டது. என் தம்பி சவரியின் பொண்டாட்டி.

சவரிக்கு ஆவடியில் ஃபேக்டரி வேலை, குவார்ட்டர்ஸில் குடித்தனம். ஸ்டெல்லாவுக்குப் பித்தப்பையில் கல். அங்கே ஒரு நர்சிங் ஹோம், பேர் வேண்டாம். அந்த டாக்டர் கத்தி பிடித்தால் பூ மாதிரி. குவார்ட்டர்ஸில் பாதிப் பேர் வயிற்றில் அவர் போட்ட தையல்தான். அவர்தான் இந்த டி.வி. பார்த்துச் செய்கிற ஆபரேஷனுக்குப் புதுசாக மிஷின் வாங்கியிருந்தார். ஏதோ ஊரில் இரண்டு நாள் கிளாஸ் போய்வந்து, சர்ட்டிஃபிகேட்டைச் சந்தனப் பொட்டு வைத்து மாட்டியிருந்தார்.

இரண்டு நாள்! அம்பத்தூரில் ஸ்கூட்டர் லைசென்ஸ் வாங்க வேண்டுமென்றால் எட்டுப் போட்டுக் காட்டச் சொல்கிறார்கள். கால் ஊன்றினால் போடா என்று விரட்டிவிடுகிறார்கள். டாக்டரை யார் எட்டுப் போடச் சொன்னார்கள்?

ஸ்டெல்லா தையல் மிஷின் மிதிக்கிறவள். பெரிய தழும்பு, மாசக்கணக்கில் படுக்கை என்றால் அவளுக்கு ஆகாது. டி.வி. ஆபரேஷன்தான் வேண்டும் என்றாள்.

அந்த நர்சிங் ஹோமில் ஒரு வழக்கம். ஆபரேஷன் அறைக்கு வெளியே பெஞ்சு போட்டு, மேலே கலர் டி.வி. வைத்திருந்தார்கள். உள்ளே நடப்பதைச் சொந்தக்காரர்கள் உட்கார்ந்து பார்க்கலாம். ஊருக்கே அது பெருமை. நாங்கள் போனோம். சவரியோடு ஷிஃப்ட் பார்க்கிறவர்களும் வந்திருந்தார்கள். யாரோ முறுக்குப் பொட்டலம் பிரித்தார்கள்.

“மச்சான், ரத்தமே காணோமே!”

“அதாண்டா சயின்ஸு. கம்முனு பாரு.”

கொஞ்ச நேரம் போனதும் படம் சிவந்து போனது. குச்சிகள் இங்கே போகின்றன, அங்கே போகின்றன, ஓரிடத்தில் நின்றுவிட்டன. முறுக்குக் கடிக்கிற சத்தமும் நின்றது. நர்ஸ் பெண் வெளியே வந்தாள்.

“வயித்தைத் திறந்து செய்யலாமான்னு டாக்டர் யோசிக்கிறாரு. உங்ககிட்ட சொல்லச் சொன்னாரு.”

சவரி எழுந்துவிட்டான். பயம் அவனுக்கு. பயந்தால் கத்துவான், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

“இன்னாத்துக்குத் தொறக்கணும்? சின்ன ஓட்டைன்னுதானே ஒத்துக்கினோம்? தெரியாத வேலைல இன்னாத்துக்குக் கைய வெச்சாரு?”

நர்ஸ் கதவைச் சாத்தவில்லை. சத்தம் உள்ளே போனது.

டி.வி.யில் நின்றிருந்த குச்சிகள் மறுபடி அசைந்தன.

டாக்டர் வியர்த்துப்போய் வந்து, “முடிச்சாச்சு” என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். ஆமாம்... கை தட்டினோம்.

அறுக்க வேண்டியது ஒரு குழாய். அவர் அறுத்தது ஈரலிலிருந்து பித்தம் இறங்குகிற வேறு குழாய். சில நாளில் ஸ்டெல்லாவின் கண் மஞ்சளாகிவிட்டது. பட்டணத்து ஆஸ்பத்திரியில் திறந்தார்கள், மறுபடி திறந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போனவள். ஈஸ்டருக்கு நாங்கள் கல்லறைக்குத்தான் பூக் கொண்டுபோனோம்.

சவரி அதற்கப்புறம் கத்துவதே இல்லை. பஸ்ஸில் காலை மிதித்தாலும் கத்துவதில்லை. என்னிடம் ஒரே ஒரு தடவை கேட்டான். “அக்கா, நான் கத்தலைன்னா அவரு தொறந்திருப்பாரா?”

இதையெல்லாம் ஜெசிந்தாவிடம் சொன்னேன். அந்தப் பெண் ஈரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆன்ட்டி, உங்க தம்பி இங்க வருவாரா?”

“எதுக்கு?”

“எனக்குப் பின்னால நின்னு கத்தணும். அன்னிக்குக் கத்தின மாதிரியே.”

இவளுக்கு என்ன பைத்தியமா? ஆறாத புண்ணில் விரலை விடச் சொல்கிறாளே! கோபம்தான் வந்தது. ஆனாலும் சவரியிடம் சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் வந்து நின்றான்.

அவளிடமும் அதே கேள்வியைத்தான் கேட்டான். “நான் கத்தலைன்னா அவரு தொறந்திருப்பாராம்மா?”

“தெரியாது அங்கிள்” என்றாள் அவள். பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பெட்டிக்குள் ஈரலை வைத்தாள். கொழுப்பு மூடிய ஈரல், குழாயே தெரியவில்லை. குச்சியைப் பிடித்தாள். “கத்துங்க அங்கிள்.”

“இன்னாத்துக்குத் தொறக்கணும்...” பிச்சை கேட்கிறவன் மாதிரி வந்தது குரல்.

“கேக்கல அங்கிள்.”

“இன்னாத்துக்குத் தொறக்கணும்? தெரியாத வேலைல இன்னாத்துக்குக் கைய வெச்ச?”

மாடி அதிர்ந்தது. எதிர்வீட்டில் ஜன்னல் திறந்தார்கள். நான் டி.வி.யைப் பார்த்தேன். குச்சி நடுங்கியது. நிற்கவில்லை. வேகமாகப் போனது, இன்னும் வேகமாக... பச்சையாக ஒன்று படம் முழுவதும் வழிந்தது. பித்தப்பை உடைந்துவிட்டது.

இத்தனைக்கும் அவளே கூப்பிட்டுக் கத்தச் சொன்ன சத்தம். உள்ளே இருந்தது ஆட்டு ஈரல். அதற்கே இப்படி.

சவரி மெதுவாகச் சொன்னான். “அப்ப தொறந்திருப்பாரு. நான்தான்.”

ஜெசிந்தா குச்சியை வைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

“சொந்தக்காரங்க பயந்தா கத்தத்தான் செய்வாங்க அங்கிள். நிறுத்தியிருக்க வேண்டியது நான். இன்னொரு வாட்டி கத்துங்க.”

அவன் மனசு அதை ஏற்றுக்கொண்டதா? எனக்குத் தெரியாது. அக்காதான், ஆனாலும் அவன் மனசுக்குள் நான் போய்ப் பார்க்க முடியுமா? கத்தினான் என்பது மட்டும் தெரியும். அன்றைக்குக் கத்தினான். அதற்கடுத்த ஞாயிறும் ஈரலை அவனே வாங்கிக்கொண்டு வந்து கத்தினான். அழுதுகொண்டே கத்தினான். எதிர்வீட்டு அம்மாள் என்னை நிறுத்தி, “உங்க வூட்டு மாடில இன்னா டிராமா நடக்குது?” என்று கேட்டாள். ஆமாம், டிக்கெட் கிடையாது என்றேன்.

ஒருநாள் அவன் கத்திக்கொண்டிருக்கும்போதே குச்சிகள் நின்றன. ஜெசிந்தா இரண்டையும் வெளியே உருவி மேசையில் வைத்தாள். “திறக்கிறேன்” என்றாள். சவரி அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டான். யாரும் கை தட்டவில்லை.

போன வியாழக்கிழமை டெஸ்ட். பாஸாகிவிட்டாள். ஸ்வீட் பாக்ஸோடு வந்தாள். சவரியும் கீழே என் வீட்டில்தான் இருந்தான். ஒரு ஜாங்கிரியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, “பின்னால யார்னா கத்தினாங்களாம்மா?” என்று கேட்டான்.

“இல்ல அங்கிள். ஏசி ரூம். குண்டூசி விழுந்தாக் கேக்கும். அவ்வளவு அமைதி.”

அவன் ஜாங்கிரியைத் திரும்ப டப்பாவில் வைத்துவிட்டான்.

“அப்ப அது இன்னா டெஸ்டு?”