பட்டுப்பாவாடையில் ஒரு மாப்பிள்ளை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் துக்கம் விசாரித்தார்கள். இறந்துபோனதாகச் சொல்லப்பட்டவர் அதே ஹாலில், புதுச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

குழப்புகிறேனோ? முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

என் மகனுக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தது வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கும் உங்களுக்குத் தெரியும். ஒரே பிள்ளை. ஓசூரில் கம்பெனி வேலை. மாரண்டஹள்ளியில் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து பையன் ஒரு தினுசாகவே இருந்தான் — குழம்பில் உப்பில்லை என்றால்கூடச் சண்டைக்கு வரவில்லை. இந்த இடம் கைவிட்டுப் போனால் தாங்கமாட்டான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. பெண் வீட்டார் தர்மபுரிக்கு வந்து எங்கள் வீட்டைப் பார்ப்பது ஒன்றுதான் பாக்கி.

அவனுக்கு ஒரே கவலை. ஹால் சுவர்.

எங்கள் தெருவில் பாதி வீட்டுக்கு டி.வி. வந்துவிட்டது. எங்கள் ஹாலில் பார்ப்பதற்கு இருப்பது அவனுடைய போட்டோக்கள்தான். வருஷத்துக்கு ஒன்று. பிறந்தநாள் வந்தால் ஸ்டூடியோவுக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவேன். ஒகேனக்கல் அருவி என்று எதையோ வரைந்து தொங்கவிட்டிருப்பார்கள். அதன் முன்னால் நிற்க வேண்டும். டிராயர் போய் பேன்ட் வந்தது, பேன்ட் பெல்பாட்டம் ஆனது, மீசை முளைத்தது... அருவி மட்டும் அப்படியே கொட்டிக்கொண்டிருந்தது.

வரிசையில் முதல் படம்தான் வில்லங்கம். குலதெய்வம் கோயிலில் மொட்டை போடுவதற்கு முந்தின நாள் எடுத்தது. உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்குமே? மொட்டைக்காக வளர்த்த முடி. அதைச் சும்மா போகவிட எந்த அம்மாவுக்கு மனசு வரும்? சவுரி வைத்துப் பின்னி, தாழம்பூ தைத்து, பக்கத்து வீட்டுப் பெண்ணின் பட்டுப்பாவாடையைக் கட்டி, ஜிமிக்கி மாட்டி, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டும் வைத்தாயிற்று. ஜடை தெரிய வேண்டும் என்று பின்னால் ஒரு கண்ணாடி.

பிள்ளை ஸ்டூலில் நிற்காமல் ஆடினான். நான் குனிந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். கையைப் படத்தில் வராமல் வெட்டிவிடுகிறேன் என்ற ஸ்டூடியோக்காரர் மறந்துவிட்டார். ஓரத்தில் கண்ணாடி வளையலோடு என் கை மட்டும் இருக்கிறது. அதற்கப்புறம் எடுத்த எந்தப் படத்திலும் அவனுக்கு என் கை தேவைப்படவில்லை. அதனால்தான் எனக்கு அந்தப் படம் என்றால் உயிர்.

அவனுக்கோ அது எமன். பத்தாவது படிக்கும்போது ஒருமுறை அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்துவிட்டான்.

"அவங்க வர்ற அன்னைக்கு மட்டும் கழட்டி வச்சிரும்மா" என்றான் இப்போது.

"கழட்டுனா அந்த எடம் மட்டும் பளிச்சுனு சதுரமாத் தெரியும். என்னா இருந்துச்சுன்னு கேப்பாங்க. இருக்கட்டும் வுடு."

என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "நானும் பாவாட கட்டுனவன்தான்டா. எனக்குப் பொண்ணு குடுக்கலையா?"

ஞாயிறன்று நான் அடுப்படியில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருக்கையில் வாசலில் கார் சத்தம். அந்த இடைவெளியில் பையன் வேலையைக் காட்டிவிட்டான். சாமி ரூமில் முருகன் படத்துக்குப் போட்டிருந்த சந்தன மாலையைக் கழற்றி, இந்தப் படத்தில் மாட்டிவிட்டான். மைசூரில் வாங்கிய நல்ல தடிமனான மாலை. பாவாடை மறைந்தது, ஜடை மறைந்தது, கண்ணாடியும் மறைந்தது. பொட்டும் ஜிமிக்கியுமாக முகம் மட்டும் மிச்சம்.

இன்ஜினீயரிங் படித்த மூளை. போட்டோவுக்குச் சந்தன மாலை போட்டால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்று அதற்கு ஓடவேயில்லை.

பெண்ணின் அப்பா, அம்மா, தாய்மாமன் மூவரும் வந்திருந்தார்கள். பஜ்ஜித் தட்டுகளை நான் கொண்டுவந்து வைத்தேன். பெண்ணின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர்.

"ஒரு வார்த்த சொல்லலியே அண்ணி. எப்பத் தவறுச்சுங்க?"

"என்னதுங்க?"

"கொழந்தைங்க. ராசாத்தியாட்டம் இருக்குது."

சுவரைப் பார்த்தேன். முருகனுடைய சந்தன மாலை அங்கே தொங்கியது.

தாய்மாமன் தொண்டையைச் செருமினார். "தப்பா நெனைக்காதீங்க. தரகரு ஒரே புள்ளைன்னுதான் சொன்னாரு. பொம்பளப் புள்ள ஒண்ணு இருந்து போயிருச்சுன்னு சொல்லல. எங்க பொண்ணு வந்து வாழப்போற வூடு பாருங்க... இத மறைச்சவங்க இன்னும் என்னென்ன மறைச்சாங்களோன்னு தோணுமில்ல?"

சொல்லிவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். கை நனைக்காமல் எழுந்தால் சம்பந்தம் வேண்டாம் என்று அர்த்தம்.

நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. மாட்டியவனே கழற்றட்டுமே? வீட்டுக்காரரும் அவனையே பார்த்தார்.

தாய்மாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். அப்போதுதான் நம் பையன் எழுந்துபோய் மாலையைக் கழற்றினான்.

"அது நான்தாங்க."

"யாரு?"

"நான்தாங்க. மொட்டைக்கு முன்னாடி எடுத்தது. பாவாட தெரியக் கூடாதுன்னு மாலையப் போட்டுட்டேன்."

பெண்ணின் அம்மா படத்தைப் பார்த்தார். மீசையைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். தாய்மாமன் உட்கார்ந்து தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஆறிப்போச்சுங்களே. சூடா நாலு போடுங்க."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அத்தோடு முடிந்ததா என்ன? அந்த வாரமே தாய்மாமன் மறுபடி வந்து நின்றார். "பொண்ணு அந்தப் போட்டோவப் பாக்கணும்ங்குது. பாத்துட்டுத்தான் முடிவு சொல்லுமாம்." என் மகன் கண்ணாலேயே கெஞ்சினான். நான் படத்தைத் துண்டில் சுற்றிக் கொடுத்தனுப்பினேன்.

சம்மதம் வந்தது. நிச்சயமும் ஆயிற்று. படம் மட்டும் வரவில்லை. நிச்சயத்தன்று பெண்ணைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன்.

"அது எங்கிட்டயே இருக்கட்டுங்க அத்தை. ஓசூரு வூட்டு ஹால்ல மாட்டிக்கறேன்" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஓரத்துல ஒரு கை இருக்குதே... உங்களுதுங்களா?"

எத்தனையோ பேர் பார்த்துச் சிரித்த படம். அந்தக் கையைப் பற்றி இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. தலையை ஆட்டினேன்.

இப்போது எங்கள் சுவரில் பளிச்சென்று ஒரு சதுரம். பார்க்கும்போதெல்லாம் சுருக்கென்கிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். பிள்ளைகள் எந்தப் படத்தை ஒளிக்கப் பார்க்கிறார்களோ, அதைப் பத்திரமாக வையுங்கள். அழகாக விழுந்த படங்களை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

இதையெல்லாம் பத்திரிகையில் எழுதித் தொலைக்காதே என்று மகன் கெஞ்சினான். பெயரைப் போடமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். போடவில்லை, கவனித்தீர்களா?

மருமகளிடம் இரவல் வாங்கிப் படத்தைப் போடக் கூடாது என்று அவன் சொல்லவில்லை.