சோக்கு கூடிப்போன கார்

1994 வாக்கில் நடந்தது. அம்பாசமுத்திரத்தில் குடியிருந்துகொண்டு ஆழ்வார்குறிச்சியில் ஆசிரியையாக வேலை பார்த்தேன். பஸ்ஸில் இடிபட்டுப் போய்ச் சேருவதற்குள் பாதி உயிர் போய்விடும். அந்தச் சமயத்தில்தான் டி.வி.யில் அந்தச் சின்ன கார் விளம்பரம். சேலை கட்டிய ஒரு பெண் ஒயிலாக ஏறி, கைப்பையை ஓரமாக மாட்டிவிட்டு, தானே ஓட்டிக்கொண்டு போவாள். குறைவாகக் குடிக்கும், நிறைய ஓடும் என்று ஒரு குரல் வேறு சொல்லும். காரைவிட அவள் போன தோரணையில்தான் நான் விழுந்தேன்.

கணவரை நச்சரித்து, அதே மாதிரி பழைய சிவப்பு கார் ஒன்றை வாங்க வைத்து, ஓட்டவும் கற்றுக்கொண்டேன். ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு கறுப்புக் குமிழ் இருந்தது. விளம்பரக்காரி பை மாட்டியது இதில்தான் என்று நானாகவே முடிவு கட்டிவிட்டேன். நோட்டுகள் அடைத்த பையைத் தினமும் அதில் தொங்கவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவேன்.

இரண்டே மாதத்தில் வண்டி கரும்புகை கக்கியது. “இது பெட்ரோலைக் குடிக்கல, குளிக்குது” என்றார் கணவர். உள்ளூர் மெக்கானிக்கிடம் விட்டால் ஒழுங்காக ஓடும்; நான் எடுத்ததும் மறுபடி புகை. “கோளாறு வண்டியிலயா, ஒன்கிட்டயா?” என்று கேட்டுவிட்டு, வண்டியை விற்றுவிட முடிவு செய்து, ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கும்படி ஓர் ஆளிடம் சொல்லியும் விட்டார். மறுபடி பஸ்தானா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கெஞ்சிக் கூத்தாடி, சனிக்கிழமை மேலப்பாளையத்தில் கைராசிக்காரர் என்று கேள்விப்பட்ட ஒரு மெக்கானிக்கிடம் ஓட்டிப் போனேன். கணவர் இறங்கிப் பின்னால் புகையைப் பார்க்கப் போனார். நான் டீச்சர், பள்ளிக்கூடம் போக இதுதான், நாளைக்கு விற்கப் பார்க்கிறார் என்று மெக்கானிக்கிடம் புலம்பினேன். அவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். பையைக் கழற்றி என் மடியில் வைத்தார். குமிழை உள்ளே தள்ளினார்.

“டீச்சர், இது பை மாட்டுத கொக்கி இல்ல. குளிரு ஊர்ல காலைல வண்டிய எடுக்க இழுக்குத சோக்கு. பை கனத்துல இழுத்தே கெடந்தா பெட்ரோல் கூடுதலாப் போவும். நம்ம ஊரு வெயிலுக்கு இது வேலையே இல்ல, அதான் ஒங்களுக்கு யாரும் சொல்லல” என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. அப்புறம் சிரித்துக்கொண்டே, “சோக்கு கொஞ்சம் கூடிப்போச்சு, அவ்வளவுதான்” என்றார்.

கடைசி வார்த்தை மட்டும் கணவர் காதில் விழுந்துவிட்டது. “என்ன வே சொல்லுதீரு? எம் பொண்டாட்டி சோக்குல ஒமக்கென்ன?” என்று பாய்ந்து வந்தார்.

“வண்டியச் சொல்லுதேன் அண்ணாச்சி. உள்ள ஒரு சின்ன இழுப்பு, எடுத்துட்டேன். டீச்சர் நல்லாத்தான் ஓட்டுதாவ. வண்டிய விக்காதீய.”

என்னைக் காட்டிக்கொடுக்க அவருக்கு ஒரு நொடி போதும். அவர் செய்யவில்லை.

திரும்பும்போது சேரன்மகாதேவியில் டீ குடிக்க நிறுத்தினோம். மனசு உறுத்தியது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கணவர் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு மெல்ல, “ஞாயித்துக்கெழம காய்கறிப் பைய நானும் அதுலதான மாட்டுதேன்” என்றார். டீக்கடைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம். மறுநாள் பார்க்க வந்தவருக்குக் காபி மட்டும் கொடுத்து அனுப்பினோம்.

அந்த கார் இன்னும் எட்டு வருடம் என்னைச் சுமந்தது. இன்றைக்கும் ஒரு பிள்ளை நோட்டில் தப்பாக எழுதியிருந்தால், பக்கத்தில் போய்க் குனிந்து, அதற்கு மட்டும் கேட்கும்படிதான் சொல்கிறேன்.