தடிச் சுருட்டின் ருசி

காந்திமதிநாதனுக்கு ஐம்பத்தேழு வயது. திருநெல்வேலிப் பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளர். எட்டு மணி நேரம் கூண்டுக்குள் இருந்தபடி, கிளம்புகிற வண்டிகளைக் குறித்துக்கொண்டு, "நாகர்கோவில் வண்டி எப்ப எடுப்பான்?" என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வார். சர்க்கரை உண்டு. வலது முழங்காலில் தேய்மானம் உண்டு. பீடி, சிகரெட், வெற்றிலை எதையும் தொடாத மனிதர். ஆனால் வருஷத்தில் ஒரே ஒரு நாள் ஒன்பது சுருட்டு குடிப்பார்.

அது நாங்குநேரிக்குத் தெற்கே அவர்கள் குடும்பத்துச் சுடலைமாடனுக்குக் கொடை என்கிற திருவிழா நடக்கும் நாள். அப்பா இறந்த மறு வருஷம் மாடன் இவர் மேல் வந்து இறங்கினான். அப்போது வயது முப்பத்துமூன்று. அன்றிலிருந்து ஒவ்வொரு சித்திரையிலும் எட்டு நாள் விரதம், தரையில் படுக்கை, பிறகு நடு மத்தியானத்தில் ஆட்டம். மேளம் ஏற ஏற உள்ளங்காலில் ஒரு சூடு கிளம்பும். அது வயிற்றுக்கு வந்ததும் அவருக்கு ஒன்றும் தெரியாது. தலையில் தண்ணீர் ஊற்றும்போதுதான் கண் விழிப்பார். சுருட்டு குடித்தது பின்னால் வாய் வெந்து கிடப்பதை வைத்துத்தான் தெரியும். ஒரு வாரம் மோர்ச்சோறுதான்.

சுருட்டுக் கட்டு வாங்குவது தச்சநல்லூரில் தேவதாசன் கடையில். இவர் வயதுக்காரர்தான், புகையிலை வியாபாரம். போன வருஷம் கட்டை எடுத்துக் கொடுக்கும்போது அவர் கேட்டார்.

"இந்தத் தடவையும் ஒல்லிதானா அண்ணாச்சி? ஒரு வாரம் மோர்ச்சோறுதான்னு சொன்னீரே."

"எப்பவும் வாங்குததுதானேவே. அதுல என்ன இருக்கு?"

"இருக்கு. ஒல்லிச் சுருட்டு வெறிபிடிச்ச மாதிரி எரியும். புகை சுட்டுக்கிட்டே வாய்க்குள்ள வரும். சுத்தியிருக்க மேலிலையோட காரம்தான் தெரியும், வேற ஒண்ணும் தெரியாது. தடியில உள்ள இலை கூட. நாலு தினுசு இலையைக் கலந்து வைக்கலாம். பைய எரியும், புகை ஆறி வரும், உள்ளிலையோட ருசி நாக்குல நிக்கும். ஆனா அவசரமா இழுத்தா அதுவும் கசந்துரும்."

"மாடன் குடிக்கதுக்கு ருசி எதுக்குவே?" என்று சிரித்துவிட்டு ஒல்லிக் கட்டையே வாங்கி வந்தார்.

அவர் யாரிடமும் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. முந்தின இரண்டு கொடையிலும் சூடு முழங்காலோடு நின்றுவிட்டது. முதல் சுருட்டின் காரம் தொண்டையில் அடித்த பிறகுதான் மிச்சமும் ஏறியது. வயதாகிவிட்டது, உடம்பு அசந்துவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மனைவி நீலாம்பாளிடம்கூட மூச்சு விடவில்லை.

கொடையன்று காலையில் அண்ணன் கைலாசத்தின் மகன் சிவகணேஷ் வந்தான். கப்பலில் வேலை. விடுப்பில் வந்தவன் ஒரு மரப்பெட்டியை நீட்டினான். உள்ளே கட்டைவிரலைவிடத் தடியாக, பளபளவென்று ஒன்பது சுருட்டு.

"சித்தப்பா, பதவி உயர்வு கிடைச்சா மாடனுக்கு நல்ல சுருட்டா வாங்கிப் போடுதேன்னு வேண்டியிருந்தேன்."

நேர்த்திக்கடனை மறுக்க முடியாது. ஒல்லிக் கட்டு பூசைத் தட்டின் ஓரத்துக்குப் போயிற்று.

மத்தியானம் மேளம் ஆரம்பித்தது. காந்திமதிநாதன் கச்சை கட்டி, மாடனின் ஈட்டியான வல்லயத்தைப் பிடித்து நின்றார். சூடு முழங்கால் வரை வந்து நின்றது. பரவாயில்லை, சுருட்டு வரட்டும் என்று காத்திருந்தார். பற்ற வைத்து வாயில் கொடுத்தார்கள். வாய் கொள்ளவில்லை. இழுத்தார்.

புகை சுடவில்லை. முதலில் காப்பிக்கொட்டை வறுக்கிற வாசனை வந்தது. அப்புறம் அடிப்பிடித்த கருப்பட்டிப் பாகு மாதிரி ஓர் இனிப்பு. அதற்கும் பின்னால் காய்ந்த மரத்தின் வாடை. நன்றாக இருக்கிறதே என்று நினைத்தார். இருபத்துநான்கு வருஷத்தில் சுருட்டின் ருசி அவருக்குத் தெரிந்ததில்லை. இப்போது தெரிகிறது. அப்படியானால் இங்கே நிற்பது யார்?

முழங்கால் வலித்தது. மணல் காலைச் சுட்டது. மேளக்காரர் தாடையிலிருந்து வியர்வை சொட்டுவது தெரிந்தது. ஆனாலும் பழக்கத்தில் கால்கள் ஆடின. ஜனம் குலவை போட்டது.

அப்போது ராஜராஜேஸ்வரி முன்னால் வந்தாள். அவருடைய சித்தப்பா மகள். பின்னால் அவள் புருஷன் குமரவேல், மூச்சு வாங்கிக்கொண்டு, அவள் தோளைப் பிடித்தபடி நின்றான்.

"ஐயா, மாடா! இவுகளுக்கு நெஞ்சை அறுத்து வைத்தியம் பாக்கணும்னு சொல்லுதாங்க. நாலு மாசமாத் தள்ளிக்கிட்டே இருக்கேன். எனக்குப் பயமா இருக்கு. நீ வாக்கு கொடுத்தாக் கொண்டுபோறேன். வேண்டாம்னு சொன்னா வீட்டுலயே வச்சுப் பாத்துக்கிடுதேன்."

கொண்டுபோ என்று மாடன் குரலில் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். அந்தக் குரல் அவருக்கு வரும். ஆனால் அறுவையில் குமரவேலுக்கு ஏதாவது ஆகிவிட்டால், மாடன் சொல்லித்தான் அனுப்பினேன் என்று இவள் ஆயுசுக்கும் சொல்லிக்கொண்டிருப்பாள். சொன்னது மாடன் இல்லை என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அதைச் சுமக்க அவரிடம் தெம்பு இல்லை. சுருட்டை வாயிலிருந்து எடுத்தார்.

"ராஜி."

மாடன் யாரையும் வீட்டுப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மேளம் தடுமாறி நின்றது.

"காந்தி அண்ணன் பேசுதேன். சாமி வரலைம்மா. டாக்டர் சொல்லுததைக் கேளு. நாளைக்கே கூட்டிட்டுப் போ. நானும் கூட வாரேன்."

வல்லயத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு மணலிலேயே உட்கார்ந்தார். கைலாசம் ஓடி வந்தார்.

"என்ன காரியம்லே செஞ்சே! அந்த ஒரு வாக்கைச் சொல்லிட்டு இறங்கியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருக்கலாம் அண்ணே. ரொம்ப அசதியா இருக்கு."

சுற்றி ஆளாளுக்குப் பேசினார்கள். தடிச் சுருட்டால்தான் வினை, மாடனுக்கு ஒல்லிதான் ஆகும், அந்தக் காட்டம் இல்லாமல் அவன் எப்படி இறங்குவான் என்றார்கள். சிவகணேஷ் அழுதுவிட்டான். யாரோ தட்டின் ஓரத்திலிருந்து ஓர் ஒல்லிச் சுருட்டை எடுத்துப் பற்ற வைத்து நீட்டினார்கள்.

"இதை ரெண்டு இழு இழும். வந்துருவான்."

காந்திமதிநாதன் அதைப் பார்த்தார். கையில் வாங்கவில்லை. குடித்தால் வந்துவிடுமோ என்றுதான் அவருக்குப் பயமாக இருந்தது. இத்தனை வருஷமும் தன் மேல் ஏறியது மாடனா, அந்தச் சூடும் காரமும்தானா என்று அதற்குப் பிறகு யாரிடம் போய்க் கேட்பது?

ராஜராஜேஸ்வரி கோபப்படவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் வீசிவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் நீலாம்பாள் வழக்கம்போல மோர் கரைக்கப் போனாள். பிறகு திரும்பி வந்து அவர் வாயைப் பார்த்து, "புண்ணே இல்லையே" என்றாள். புளிக்குழம்பு ஊற்றினாள். அவர் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டதற்காக அன்று முழுவதும் வெட்கமாக இருந்தது.

பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் குமரவேலுக்கு அறுவை நடந்தது. ஐந்து மணி நேரம். வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் ராஜராஜேஸ்வரிக்குப் பக்கத்தில் காந்திமதிநாதன் இருந்தார். எதையும் வேண்டிக்கொள்ள அவருக்குத் தோன்றவில்லை. மோவாயை நெஞ்சில் சாய்த்துத் தூங்கிப்போனார். அவள்தான் தட்டி எழுப்பி, "கண்ணு முழிச்சிட்டாரு அண்ணே" என்றாள்.

இந்த வருஷக் கொடையில் மேளம் முக்கால் மணி நேரம் அடித்தார்கள். யார் மேலும் வரவில்லை. பூசை மட்டும் நடந்தது. கைலாசம் தம்பியோடு இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் திருநீறு கொடுக்கும்போது அவர் கையிலும் வைத்தார். காந்திமதிநாதன் வேட்டி சட்டையோடு கூட்டத்தில் ஒருவராக நின்றிருந்தார். அப்படி நிற்க அவருக்குத் தெரியவில்லை. கைகளை எங்கே வைப்பது என்றே புரியவில்லை.

குமரவேல் பைய வந்து பக்கத்தில் நின்றான். இளைத்திருந்தான்.

"மச்சான், வெயில் தாங்கலை. அங்கன வேம்பு நிழலுக்குப் போவமா?"

"வா, போவோம்" என்றார்.