சூடுதான் என்று சொன்னேன்

செம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் ஒற்றை அறை எடுத்து நானும் என் நண்பனும் தங்கியிருந்தோம். அவன் நாள் முழுக்க பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்பவன். உடம்பு விஷயத்தில் நான் பெரிய மேதாவி என்று என் நினைப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அவன் பாயில் சுருண்டு கிடந்தான். ஒரு பக்க விரையில் திடீரென்று வலி பிடித்து எழுப்பிவிட்டதாம். இரண்டு முறை வாந்தி வேறு எடுத்திருந்தான்.

“சூடு மச்சான். வெயில்லயே வண்டி ஓட்டிக்கினு கீற, வேற இன்னா வரும்?” என்றேன்.

எங்கள் வீட்டில் எந்தச் சூட்டுக்கும் ஒரே வைத்தியம்தான். விளக்கெண்ணெயைத் தொட்டு அவன் தொப்புளிலும் கால் பெருவிரல் நகங்களிலும் வைத்தேன். வெந்தயத்தை மோரோடு விழுங்கச் சொன்னேன். அதையும் வாந்தி எடுத்தான். ஏழு மணிக்கு பேண்ட்டை மாட்டிக்கொண்டு, தாம்பரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றான்.

நான் சிரித்தேன். “லேடி டாக்டர் இருந்தா இன்னா பண்ணுவ?”

அவன் மறுபடி படுத்துக்கொண்டான். என்னுடைய அந்தச் சிரிப்பு இன்றும் என் காதில் கேட்கிறது. கேட்கும்போதெல்லாம் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

சாயங்காலம் வலி குறைந்தது. எண்ணெய் வேலை செய்துவிட்டது என்று பீற்றிக்கொண்டேன். மறுநாள் பார்த்தால் ஒரு பக்கம் வீங்கிச் சிவந்திருந்தது. அதற்குப் பிறகுதான் ஆட்டோ பிடித்தோம்.

ஸ்கேன் பார்த்த டாக்டர், விரை உள்ளே முறுக்கிக்கொண்டு ரத்த ஓட்டமே நின்றுவிட்டது என்றார். “இப்படித் திடீர்னு வலி வந்தா வீட்ல வச்சிப் பார்க்கவே கூடாது. உடனே கிளம்பணும். ஆறு மணி நேரத்துக்குள்ள வந்திருந்தா பெரும்பாலும் காப்பாத்தியிருக்கலாம். வலி குறைஞ்சது குணமானதால இல்ல, அது செத்துப்போனதால. எடுத்துத்தான் ஆகணும். ஏன் நேத்தே வரல?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான். “நான்தான் வெக்கப்பட்டுகினு வரல, சார். இவன் கூப்ட்டுகினேதான் இருந்தான்.”

டாக்டர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். கோவளத்தில் மீன் விற்கும் அவன் அம்மா வந்து, அவனிடம் அதே கதையைக் கேட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

இப்போது அவனுக்குக் கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை இருக்கிறது. அன்று ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டவர் இவர்தான் என்று அவன் மனைவி எல்லோரிடமும் சொல்கிறாள். நான் சாப்பிட்டுக்கொண்டே தலையாட்டுகிறேன்.